நானூறு பெயர்களும் ஒரு நீள நோட்டும்

பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு நேர் ரயில் கிடையாது. பாப்பாநாடு, ஒரத்தநாடு வழியாகப் பேருந்தில்தான் போக வேண்டும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு முன்னால் அந்த வண்டிக்கு நிற்கும் பெண்களில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. தோள்பையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும், கழுத்தில் அடையாள அட்டையுமாக நிற்பவர்களில் சிலர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் அலுவலக வேலை பார்ப்பவர்கள். ஒரத்தநாட்டில் இறங்கி மகளிர் கலைக் கல்லூரிக்கோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சிலர் போவார்கள். மற்றவர்கள் தஞ்சை வரை போய், 1966இல் தொடங்கிய குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரிக்கோ, 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ இன்னொரு வண்டி பிடிப்பார்கள். தென்கிழக்கே அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குத் தூரம் குறைவு.

இவர்கள் யார் என்று கேட்டால் அரசாணைகளில் ஒரு சொல் இருக்கிறது: ஆசிரியரல்லாப் பணியாளர். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் 'கல்விசாரா ஊழியர்' என்பார்கள். இரண்டுமே இவர்கள் எது இல்லை என்பதைச் சொல்லும் பெயர்கள். தேர்வுப் பிரிவு, கணக்குப் பிரிவு, நூலகம், ஆய்வகம், விடுதி, தோட்டம் என்று பத்துப் பன்னிரண்டு தொழில்கள் அந்த 'அல்லாத'வுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பல்கலைக்கழகப் பெண் பணியாளர்களின் தலைமைப் பண்பையும் சேவையையும் பணி வளர்ச்சியையும் எப்படி மதிப்பது என்ற கேள்வியை எடுத்தால், எனக்கு முதலில் இந்தச் சொல்தான் இடறுகிறது. பெயர் வைக்கும்போதே இல்லை என்று தொடங்கிவிட்டு, பாராட்டும்போது எதைச் சொல்லிப் பாராட்டுவது?

அவர்கள் செய்யும் வேலையிலிருந்து தொடங்குவோம். ஒரு மாணவி தேர்வு எழுதிவிட்டுப் போன பிறகு அவளுடைய விடைத்தாள் எத்தனை கைகள் மாறுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கட்டு பிரித்து எண்ணி, பதிவெண்ணை மறைத்து டம்மி எண் போட்டு, மறுபடி கட்டி, மதிப்பீட்டு முகாமுக்கு அனுப்பி, வந்த மதிப்பெண்ணை மறுபடி உரிய பதிவெண்ணோடு சேர்க்க வேண்டும். ஓர் எண் தவறினால் ஒருத்தியின் மதிப்பெண் இன்னொருத்திக்குப் போய்விடும். அரசுப் பணி கிடைத்தவர்களின் பட்டம் மெய்தானா என்று துறைகள் கேட்டு எழுதும் உண்மைத்தன்மைச் சான்றுக்காக, இருபது முப்பது ஆண்டுக்கு முந்தைய மதிப்பெண் பேரேட்டை எடுத்துப் புரட்ட வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு தரும் சட்டம் 2010இல் வந்தது. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது இறுக்கப்பட்டது. தேர்வாணையத்தின் அறிவிப்பு வெளியான வாரத்தில் கல்லூரி அலுவலக வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழை எழுதி, சரிபார்த்து, கையெழுத்துக்கு வைப்பவர் யார் என்பது தெரிந்திருக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ஒரு பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. சேர்ந்தபோது கையில் பிளஸ் டூவும் தட்டச்சு லோயரும் மட்டும். அவர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார், காலிகோ அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு. எந்த ஆண்டில் எந்தப் பாடப்பிரிவுக்கு எந்த வரிசையில் பதிவெண் கொடுத்தார்கள், நடுவில் எந்த ஆண்டு அந்த வரிசை மாறியது, எந்தப் பேரேட்டில் ஈரம் பட்டு எத்தனையாவது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு மாற்றாக எந்த அலமாரியில் எந்தப் பிரதியைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் தேடித் தேடிக் கண் நோவதைவிட எழுதி வைப்பது மேல் என்று அவராக எழுதியது. பின்னால் பழைய மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும் வேலை வந்தபோது அந்த நோட்டு இல்லாமல் ஓர் அடி நகர முடியவில்லை. ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் பையன்கள் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பணி நிறைவு விழாவில் அக்காவுக்கு மூன்று சால்வை, ஒரு குத்துவிளக்கு, சட்டம் போட்ட ஒரு வாழ்த்துமடல் கொடுத்தார்கள். மடலில் 'அன்பானவர், பண்பானவர், அனைவரிடமும் இனிமையாகப் பழகுபவர்' என்று இருந்தது. நோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. "சால்வையெல்லாம் நெறய இருக்கு தம்பி. பீரோவுல அடுக்கி வச்சிருக்கேன். அந்த கம்ப்யூட்டர் வேல முடிஞ்சதும் ஒரு அறிக்கை எழுதுனாங்கள்ல, அதுல எம் பேரு ஒரு எடத்துல இருந்திருந்தா போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

பேரைப் பதிவது தஞ்சாவூருக்குப் புதிதன்று. பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் பணிப்பெண்கள் நானூறு பேரையும் பெயர் பெயராகச் சொல்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறார் என்பதுகூட உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கூலியும் வெட்டியிருக்கிறது. அந்தப் பெண்கள் எத்தகைய சமூக நிலையில் இருந்தார்கள் என்பது பெரிய விவாதம். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை பார்த்த பெண்களை ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவர் விடாமல் பெயரும் முகவரியுமாக எழுதி வைத்தது என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதே ஊரில் இன்று ஒரு தேர்வுப் பிரிவின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் 'அலுவலர்களின் ஒத்துழைப்போடு' என்ற மூன்றாவது வேற்றுமையில் முப்பது பெண்கள் மறைந்துவிடுகிறார்கள்.

அங்கீகாரம் என்று நம்மிடம் என்னென்ன இருக்கின்றன? பள்ளி ஆசிரியர்களுக்குச் செப்டம்பர் 5இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் நல்லாசிரியர் விருது. செவிலியருக்கு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் தேசிய விருது. சமூகத் தொண்டாற்றும் பெண்களுக்கு 2012 முதல் அவ்வையார் விருது. துணிவுக்குக் கல்பனா சாவ்லா விருது. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கொடியேற்றிய பிறகு மாவட்ட ஆட்சியர் அரசு ஊழியர்களுக்குத் தரும் நற்சான்றிதழ். பல்கலைக்கழக அலுவலகப் பெண்ணின் வேலைக்கென்று இவற்றைப்போல ஊரறிந்த பெயர் எதுவும் மனதில் வரவில்லை. அவருக்கு வாய்ப்பது மார்ச் 8. அன்றைக்கு ஒரே நிறத்தில் சேலை உடுத்தி வரச் சொல்வார்கள். கோலப்போட்டி, இசை நாற்காலி, சிறப்பு விருந்தினர், நினைவுப் பரிசு எல்லாம் இருக்கும். கோலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மார்கழியில் எங்கள் தெருவில் அதைப் பார்த்து வளர்ந்தவன். இருந்தாலும், இருபது ஆண்டு கணக்குப் பிரிவில் தணிக்கைத் தடைகளுக்கு விடை எழுதித் தீர்த்த ஒருவரை நிறுவனம் மேடையேற்றும் ஒரே நாளில், அவர் வீட்டு வாசலில் செய்வதையே செய்து காட்டச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

தண்டனைக்கோ எண்ணே இருக்கிறது. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17-ஏ என்றால் ஒன்று, 17-பி என்றால் அதைவிடக் கடுமையானது. அலுவலகத்தில் கடைநிலை ஊழியருக்குக்கூட அது மனப்பாடம். மெமோவுக்குப் படிவம் இருக்கிறது, விளக்கம் தர நாள் கணக்கு இருக்கிறது, முடிவை எஸ்.ஆரில், அதாவது பணிப்பதிவேட்டில், ஏற்ற முறை இருக்கிறது. நன்றாகச் செய்த வேலையை அதே கண்டிப்போடு பதிவேட்டில் ஏற்றும் வழக்கம்தான் இல்லை.

அடுத்தது தலைமை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெண் தலைமை இல்லாமல் இல்லை. கோவை அவினாசிலிங்கம் 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது ராஜம்மாள் தேவதாஸ் அதன் முதல் துணைவேந்தர். 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் வந்தது. 1982இல் தொடங்கிய திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில்தான் எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன; அதற்கு 2010க்குப் பின் சில ஆண்டுகள் கே. மீனா துணைவேந்தராக இருந்தார். மதுரைக்குக் கல்யாணி மதிவாணன். எல்லாருமே வகுப்பறை வழியாக வந்தவர்கள். அலுவலக வழி வேறு ஏணி: இளநிலை உதவியாளர், உதவியாளர், கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர். அதன் உச்சியில் பதிவாளர் நாற்காலி. யூஜிசி வகுத்த தகுதிப்படி முதுகலையில் 55 சதவீதமும், 15 ஆண்டு நிர்வாக அனுபவமும், அதில் 8 ஆண்டு துணைப் பதிவாளர் அல்லது அதற்கு இணையான பதவியும் இருந்தால் அந்த நாற்காலிக்கு விண்ணப்பிக்கலாம். ஏட்டில் கதவு திறந்திருக்கிறது. ஆனால் முப்பது வயதுக்கு மேல் கருணை நியமனத்தில் இளநிலை உதவியாளராகச் சேரும் ஒரு பெண் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு படியிலும் காலியிடத்துக்கும் முதுநிலைப் பட்டியலுக்கும் காத்திருந்து துணைப் பதிவாளராவதற்குள் ஓய்வு வயது எட்டிப் பார்த்துவிடும்.

தலைமை என்பதைப் பதவியாக மட்டும் பார்த்தால் இந்தப் பெண்களிடம் அது இல்லை என்றே முடிவு வரும். பிரிவுக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஆயிரக்கணக்கான பட்டச் சான்றிதழ்களில் பெயரின் தமிழ் எழுத்தைச் சரிபார்க்க யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது, 'ர'கரத்துக்கும் 'ற'கரத்துக்கும் தடுமாறாத கண் யாருடையது என்று பிரித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு மூத்த உதவியாளராக இருப்பார். அந்த வேலைக்கு உத்தரவு கிடையாது, படி கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. அதைத் தலைமை என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?

வளர்ச்சி என்ற மூன்றாவது சொல்லில்தான் மிகுந்த சிக்கல் இருக்கிறது. அரசு அமைச்சுப் பணியில் சேருகிறவர்களுக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகள் உண்டு. கல்லூரி ஆசிரியர்களுக்கு 1987இல் தொடங்கிய கல்விப் பணியாளர் கல்லூரிகள், புத்தொளிப் பயிற்சிகள், அவற்றைக் கணக்கில் எடுக்கும் பதவி உயர்வுத் திட்டம் என்று ஒரு பாதையே போட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக அலுவலகப் பெண்ணின் வளர்ச்சி பெரும்பாலும் அவருடைய சொந்தச் செலவில், சொந்த இரவுகளில் நடக்கிறது. லோயர் முடித்தவர் பட்டுக்கோட்டைத் தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் காலை ஆறு மணி வகுப்புக்குப் போய் ஹையர் எழுதுவார். தொலைநிலையில் பி.காம்., பிறகு எம்.காம். படிப்பார். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பிளஸ் டூ முடிக்காமல் திருமணமாகி, பிற்பாடு படிக்க வந்த பெண்கள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள் என்பது என் எண்ணம்.

சட்டம் கொடுத்ததை மறைக்கக் கூடாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு வேலையும் சொத்தும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1989இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் வந்தது. அதை 40 ஆக்கும் அறிவிப்பு 2021இல் வந்தது. அரசுப் பணிப் பெண்களின் மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது, 2021 ஜூலையில் பன்னிரண்டு மாதம் என்று நீண்டது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கியது. 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் எங்கள் ஊர் பட்டுக்கோட்டை அழகிரிசாமியோடு சென்றவர் அந்த அம்மையார். இத்தனை பெண்கள் கல்லூரிக்கு வந்தால் அவர்களுடைய சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு எல்லாமே அலுவலக மேசைக்குத்தான் வருகின்றன. மாணவியர் பெருகியதைக் கொண்டாடும் நாம், அதைத் தூக்கிச் சுமந்த மேசைகளை எண்ணிப் பார்த்ததில்லை.

வெளியுலகத்திலும் இந்த மறதி நெடுநாள் இருந்தது. அமெரிக்கக் கல்விக் குழு 1973லேயே உயர்கல்வியில் பெண்களுக்கென ஓர் அலுவலகம் திறந்தது. நிர்வாகத் தலைமைக்குப் பெண்களை அடையாளம் காண்பது அதன் வேலை. ஆனால் இங்கிலாந்தில் 2005இல் தொடங்கிய அதீனா ஸ்வான் சாசனம், பல்கலைக்கழகங்களைப் பெண்களின் நிலைமைக்காக மதிப்பிட்டு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. முதல் பத்தாண்டு அது அறிவியல் துறைப் பெண்களை மட்டுமே பார்த்தது. 2015இல்தான் கலைத் துறைகளோடு அலுவலக, உதவிப் பணியாளர்களையும் கணக்கில் சேர்த்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020இல் அறிவித்த 'கதி' திட்டம் 30 நிறுவனங்களில் சோதனையாகத் தொடங்கியது. அதன் கண்ணும் அறிவியல் துறைகள் மீதுதான். உயர்கல்வியில் பெண் நிர்வாகிகளை வளர்க்க யூஜிசி முன்பு நடத்திய பயிற்சி முகாம்களுக்கும் பெரும்பாலும் ஆசிரியைகளே போனார்கள். இங்கிலாந்துக்குப் பத்தாண்டு பிடித்தது என்றால் நாமும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பிழை நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

அலுவலகம் என்றவுடன் மேசை நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. டெல்டாவில் பல்கலைக்கழகப் பணியாளர் என்றால் சேற்றில் நிற்கும் பெண்ணும் அதில் சேர்த்திதான். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும், எங்கள் ஊர்ப் பக்கத்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 என்று விவசாயிகள் வாயில் புழங்கும் நெல் ரகங்கள் ஆடுதுறையில் பிறந்தவை. ஒட்டுக் கட்டும்போது ஒரு நெல் பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சூலகத்தில் கீறல் படாமல் எடுக்க வேண்டும். எடுத்ததும் கதிருக்கு வெண்ணெய்த்தாள் உறை மாட்டி, வேறு மகரந்தம் படாமல் காக்க வேண்டும். சோதனைப் பாத்தியில் நடவு செய்யும் பெண் ஒரு வரிசையின் நாற்றை அடுத்த வரிசையில் தவறி ஊன்றினால் அந்தப் பருவத்தின் சோதனையே கெட்டுப்போகும். ஊர் வயலில் நடுவதைவிட இங்கே கையும் கண்ணும் கூடுதல் விழிப்பாக இருந்தாக வேண்டும். ரகம் வெளியாகும் நாளில் விஞ்ஞானிகளின் பெயர் வருகிறது, வரத்தான் வேண்டும். அந்த வரிசையை நட்டவர்களின் பெயரும் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் நெல்லுக்கு என்ன குறை?

இவர்களில் பலர் தினக்கூலி. அலுவலகங்களிலும் தொகுப்பூதியம், வெளிமுகமை என்று வேறு வேறு பெயரில் அதேதான். துப்புரவு வேலை ஒப்பந்தத்துக்குப் போன இடங்களில் பத்தாண்டாக ஒரே கட்டடத்தைக் கூட்டும் பெண் அந்த நிறுவனத்தின் ஊழியர் பட்டியலிலேயே இல்லை. நிரந்தரமும் எப்போதும் நிரந்தரமாக இருப்பதில்லை: 2013இல் அரசு ஏற்றுக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மிகை என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் பல ஊர்களின் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் இருக்க, வேறு மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கிப் புதிய வேலையை முதலிலிருந்து கற்றுக்கொள்வது எப்படிப்பட்ட பாடு என்பதை வீட்டுப் பொறுப்பும் சுமக்கும் பெண்கள் அறிவார்கள்.

சேவை என்பதற்கு எடுத்துக்காட்டு தேடி நான் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னைகளை முறித்துப் போட்டது. தோப்பும் கூரையும் போன வீட்டிலிருந்துதான் அலுவலகப் பெண்களும் வேலைக்குக் கிளம்பினார்கள். கிளம்பிப் போய், சான்றிதழ் நனைந்துபோன பிள்ளைகளுக்கு நகல் எடுத்துத் தரும் விண்ணப்பங்களை வாங்கினார்கள். கொரோனா காலத்தில் மாணவர்கள் வீட்டிலிருந்தே தேர்வெழுதி விரைவஞ்சலில் அனுப்பிய விடைத்தாள்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அந்த உறைகளைப் பிரித்து, தாள் எண்ணி, பெயர் குறித்த கைகளுக்கு அந்த ஆண்டு எந்தப் பாராட்டுப் பட்டியலிலும் இடம் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எனக்குப் பெரிய விழா மேல் ஆசையில்லை. பணிப்பதிவேட்டில் நற்செயலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரிவுத் தலைவர் அதில் வேலையின் பெயரைச் சொல்லி எழுதிக் கையொப்பமிட வேண்டும். 'இனிமையானவர்' என்று எழுதக் கூடாது. அறிக்கைகளில் பிரிவின் பெயரோடு ஆட்களின் பெயரும் வர வேண்டும், தினக்கூலிக்காரர்களையும் சேர்த்து. விருது கொடுப்பதாக இருந்தால் தேர்வுக் குழுவில் மாணவர்களும் இருக்கட்டும். எந்த மேசையில் வேலை நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஓய்வு பெறுகிறவர் தன் வேலையின் நுணுக்கத்தை எழுதிக் கொடுத்தால் அதை அவர் பெயரிலேயே அலுவலகக் கையேடாக வைக்க வேண்டும். அக்காவின் நோட்டை அப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றி இன்னொன்று. கணக்கு, கணினி, தகவல் உரிமைச் சட்டம் என்று எது நடத்தினாலும் மூன்று நாள் தங்கிப் பயிலும் முகாமாகச் சென்னையிலோ கோவையிலோ வைத்தால், கைக்குழந்தைக்காரரும் மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவரும் பெயர் கொடுக்க மாட்டார்கள். பிறகு பெண்களுக்கு ஆர்வமில்லை என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். பயிற்சியைத் தஞ்சையிலேயே, வேலை நாளிலேயே, காலை பத்தரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிக்கட்டும். நாலு மணி வண்டியைப் பிடித்தால் ஒரத்தநாட்டுக்காரரும் பாப்பாநாட்டுக்காரரும் பட்டுக்கோட்டைக்காரரும் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம்.